கீழாநெல்லியும் நோபல் விஞ்ஞானியும்: 1988ல் சென்னையில் நடந்த ஒரு மருந்துச் சோதனையின் கதை

உணவு சப்ளிமென்ட் பத்தின போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "நம்ம ஊர் மூலிகைகளை யாராவது ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்களா? இல்ல, ஒரு பக்கம் கண்ணை மூடிட்டு நம்புறது, இன்னொரு பக்கம் கண்ணை மூடிட்டுக் கிண்டல் பண்றது, இது ரெண்டுதானா?"

பண்ணிருக்காங்க. அதுவும் சென்னையில. அதுவும் ஒரு நோபல் பரிசு விஞ்ஞானியோட கூட்டு சேர்ந்து. முடிவு வெளியானது 1988 அக்டோபர்ல, லான்செட் பத்திரிகையில. மருத்துவ உலகத்துல அதுக்கு மேல பெரிய மேடை அதிகம் கிடையாது. அந்தக் கட்டுரையோட நாயகன் நம்ம வயல் வரப்புல, வீட்டுக் கொல்லையில, சில சமயம் பிளாட்பாரம் விரிசல்ல கூட முளைக்கிற கீழாநெல்லி.

இந்தக் கதையை வெற்றிக் கதையா சொல்றவங்க இருக்காங்க. வெள்ளைக்காரன் திருடின கதையா சொல்றவங்களும் இருக்காங்க. முழுசா படிச்சா ரெண்டுக்கும் அடங்காது.

முதல்ல நோயோட பேர்லயே ஒரு சிக்கல் இருக்கு. மஞ்சள் காமாலைன்னு நாம சொல்றது உண்மையில ஒரு நோய் இல்ல, ஒரு அறிகுறி. ரத்தத்துல பிலிருபின்ங்கிற மஞ்சள் நிறமி அதிகமாகும்போது கண்ணு, தோல், சிறுநீர் எல்லாம் மஞ்சளாகும். அது ஏன் அதிகமாச்சுங்கிறதுக்குப் பத்துக் காரணம் இருக்கலாம். அசுத்தமான தண்ணி வழியா வர்ற ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். ரத்தம் வழியாவும் தாய்கிட்டேருந்து குழந்தைக்கும் வர்ற ஹெபடைடிஸ் பி. எலிக்காய்ச்சல், குடி, பித்தக்குழாயில கல், கணையப் புற்றுநோய். எல்லாத்துக்கும் நம்ம வீட்டுல ஒரே பேர்: காமாலை. மருந்தும் ஒண்ணே: கீழாநெல்லியை வேரோட பிடுங்கி, கழுவி, அரைச்சு, வெறும் வயித்துல மோர்லயோ பால்லயோ கலக்கிக் குடிக்கணும். உப்பு, எண்ணெய் ஆகாது.

தமிழ்நாட்டுல பெரும்பாலும் நாம பார்க்குற காமாலை, தண்ணி வழியா வர்றது. 1955 கடைசியில டெல்லியில குடிதண்ணியில சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்துச்சு. அப்போ அதை ஹெபடைடிஸ் ஏ-ன்னு நினைச்சாங்க. சேமிச்சு வச்சிருந்த ரத்த மாதிரிகளைப் பல வருஷம் கழிச்சுச் சோதிச்சப்போதான் அது வேற வைரஸ்னு தெரிஞ்சுது, இன்னிக்கு நாம ஹெபடைடிஸ் ஈ-ன்னு சொல்றது. இந்த ரெண்டு வைரஸும் ஆரோக்கியமான ஆளுங்கள்ல சில வாரத்துல தானா சரியாகிடும். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ ரொம்ப ஆபத்து, ஏற்கனவே ஈரல் கெட்டவங்களுக்கும் ஆபத்து, அதை மறக்கக் கூடாது. ஆனா நூறு பேருக்கு வந்தா தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல பிழைச்சு எழுந்திருவாங்க.

இப்போ கணக்கைப் பாருங்க. அந்த நூறு பேருக்கும் கீழாநெல்லி கொடுத்தா தொண்ணூத்தஞ்சு பேர் குணமாவாங்க. வெறும் மோர் கொடுத்தாலும் தொண்ணூத்தஞ்சு பேர் குணமாவாங்க. ஊர் வைத்தியர் பொய் சொல்லல. அவர் கண்ணால பார்த்ததைத்தான் சொல்றார். ஆனா செடியால குணமாச்சா, செடி இருந்தும் குணமாச்சாங்கிறதை வெறும் கண்ணால பிரிச்சுப் பார்க்க முடியாது. அதுக்கு செடி சாப்பிடாத இன்னொரு குழு வேணும். திருவனந்தபுரத்துல 1990கள்ல திடீர்க் காமாலை வந்தவங்களை வச்சு அப்படி ஒரு சோதனை பண்ணி, 1999ல வெளியிட்டாங்க. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்டவங்களுக்குக் காமாலை இருந்த நாட்கள் குறிப்பிடும்படியா குறையல.

அப்போ கதை அங்கேயே முடிஞ்சுதேன்னு கேட்கலாம். இல்ல. சென்னையில நடந்த ஆராய்ச்சி இந்த சுலபமான காமாலையைப் பத்தினதே இல்ல. அவங்க எடுத்துக்கிட்டது தானா சரியாகாத வகையை.

ஹெபடைடிஸ் பி ஒரு விசித்திரமான வைரஸ். பெரியவங்களுக்கு வந்தா சுமார் 95 சதவீதம் பேர் ஆறு மாசத்துக்குள்ள அதை விரட்டிடுவாங்க. பிறக்கும்போது தாய்கிட்டேருந்து வந்தா நேர்தலைகீழ்: பத்துக் குழந்தையில ஒன்பதுக்கு அது உடம்புலயே தங்கிடும். இருபது, முப்பது வருஷம் எந்த அறிகுறியும் இருக்காது. கண்ணு மஞ்சளாகாது. ரத்ததானம் பண்ணப் போறப்போ, கர்ப்பகாலப் பரிசோதனையில, விசாவுக்கு மெடிக்கல் எடுக்கும்போதுதான் தெரியவரும். அதுல ஒரு பகுதிப் பேருக்கு நடு வயசுல ஈரல் சுருக்கமோ, ஈரல் புற்றுநோயோ வரும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022ல உலகத்துல சுமார் 25 கோடிப் பேர் இப்படி வைரஸைச் சுமந்துட்டு வாழ்றாங்க. இந்தியாவுல மட்டும் 3 கோடிக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த வைரஸைக் கண்டுபிடிச்சவர் பரூக் பிளம்பெர்க். நியூயார்க்காரர், ஃபிலடெல்ஃபியாவுல ஃபாக்ஸ் சேஸ் ஆராய்ச்சி மையத்துல வேலை பார்த்தார். அவர் தேடினது வைரஸே இல்ல! வேற வேற மக்கள் இனத்துல ரத்தப் புரதம் எப்படி மாறுதுன்னு பார்த்துட்டிருந்தார். 1960கள்ல, பல தடவை ரத்தம் ஏத்திக்கிட்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியோட சீரம், ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி மனுஷரோட ரத்தத்துல இருந்த ஏதோ ஒண்ணோட வினை புரிஞ்சுது. அதுக்கு "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்"னு பேர் வச்சாங்க. கொஞ்ச வருஷத்துல அது ஹெபடைடிஸ் பி வைரஸோட மேலுறைப் புரதம்னு தெரிஞ்சுது. இன்னிக்கு லேப் ரிப்போர்ட்ல "ஹெச்பிஎஸ்ஏஜி"ன்னு போடுறாங்களே, அது இதேதான். அந்த மேலுறையைப் பிரிச்செடுத்தே தடுப்பூசி பண்ணலாம்னு பிளம்பெர்க்கும் இர்விங் மில்மேனும் 1969ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. 1976ல பிளம்பெர்க்குக்கு நோபல். 1981ல அமெரிக்காவுல முதல் தடுப்பூசிக்கு அனுமதி.

தடுப்பூசி புதுசா வரவிருக்கிறவங்களைக் காப்பாத்தும். ஏற்கனவே வைரஸ் உள்ள கோடிக்கணக்கான பேருக்கு அது எதுவும் பண்ணாது. அவங்களுக்கு 1980கள்ல நம்பகமான மாத்திரை ஒண்ணு கூட கிடையாது. இந்த இடத்துலதான் பிளம்பெர்க் செடிகள் பக்கம் திரும்புறார். காமாலைக்கு உலகத்துல எந்தெந்த ஊர்ல எந்தெந்தச் செடியைக் கொடுக்குறாங்கன்னு அவர் குழு பழைய பதிவுகளைத் தேட ஆரம்பிச்சுது. ஃபில்லாந்தஸ்ங்கிற பேரினம் இந்தியா, சீனா, கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்கான்னு எல்லா இடத்துலயும் திரும்பத் திரும்ப வந்துச்சு. நம்ம கீழாநெல்லி அந்தப் பேரினம். பெருநெல்லியும் அதே பேரினம்தான்.

சென்னையில அதுக்கு முன்னாடியே வேலை நடந்துட்டிருந்துச்சு. சென்னைப் பல்கலைக்கழகத்தோட அடிப்படை மருத்துவ அறிவியல் பட்டமேற்படிப்பு நிறுவனத்துல நுண்ணுயிரியல் துறையில இருந்த எஸ்.பி. தியாகராஜன், 1982லயே கரிசலாங்கண்ணியையும் கீழாநெல்லியையும் சோதனைக் குழாய்ல வச்சுப் பார்த்துட்டார். இந்தச் சாறுகள் ஹெபடைடிஸ் பி மேலுறைப் புரதத்தைச் செயலிழக்க வைக்குதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல எழுதினார். பிற்காலத்துல சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தாரே, அவரேதான். அதாவது, பிளம்பெர்க் வந்து நமக்குக் கீழாநெல்லியைச் சொல்லிக் கொடுக்கல. ரெண்டு பக்கமும் தோண்டிட்டு வந்த சுரங்கம் நடுவுல சந்திச்சுதுன்னு வச்சுக்கலாம்.

வேதியியல் பக்கமும் ஒரு முன்கதை உண்டு. கீழாநெல்லி ஏன் இவ்வளவு கசக்குதுன்னு 1940கள்ல விசாகப்பட்டினம் வால்டேர்ல ஆந்திரப் பல்கலைக்கழகத்துல தேடினவர் டி.ஆர். சேஷாத்ரி. குளித்தலைக்காரர். அவரும் கிருஷ்ணமூர்த்திங்கிற ஆய்வாளரும் சேர்ந்து 1946ல அந்தக் கசப்புப் பொருளைப் பிரிச்சு ஃபில்லாந்தின்னு பேர் வச்சாங்க. இன்னிக்கும் கீழாநெல்லி மாத்திரையோட தரத்தைப் பார்க்க அளக்குற பொருள்கள்ல ஒண்ணு அது.

ஃபிலடெல்ஃபியாவுல சாற்றை வைரஸோட டிஎன்ஏ பாலிமரேஸ் மேல சோதிச்சாங்க. வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்க உதவுற நொதி அது. சாறு அதைத் தடுத்துச்சு. அடுத்து, வுட்சக். இது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, பூனை அளவு இருக்குற வட அமெரிக்க விலங்கு. அதுக்கு மனுஷ ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கின சொந்தக்கார வைரஸ் வரும்னு 1978ல தெரிஞ்சிருந்துச்சு. 1987ல வெளியான முடிவுல, புதுசா வைரஸ் வந்த நாலு வுட்சக்ல மூணுக்கு, வயித்துக்குள்ள ஊசி வழியா சாறு கொடுத்தப்போ மூணுலேருந்து ஆறு வாரத்துல வைரஸோட தடயம் ரத்தத்துலேருந்து போயிடுச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்துறேன், ஏன்னா எல்லாரும் தாண்டிப் போற இடம் இது. "புதுசா வைரஸ் வந்த" விலங்கு. "ஊசி வழியா". அதே கட்டுரையிலேயே, ரொம்ப நாளா வைரஸைச் சுமந்த வுட்சக்குகளுக்குத் தோலுக்கடியில 12 வாரம் கொடுத்தப்போ பலனில்ல, வயித்துக்குள்ள ஊசிக்கு மாத்தினப்புறம் அஞ்சுல ரெண்டுல குறைஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. நேர்மையா எழுதியிருக்காங்க. மென்பொருள் வேலையில நாங்க அடிக்கடி சொல்ற ஒரு வசனம் இருக்கு: "என் மெஷின்ல ஓடுதே!" சோதனைக் குழாய்ல ஓடுறது ஒரு மெஷின். வுட்சக் வயிறு இன்னொரு மெஷின். மனுஷன் வாய் வழியா விழுங்கி, இரைப்பை அமிலம் தாண்டி, குடல்ல உறிஞ்சி, ஈரலுக்குப் போறது மூணாவது மெஷின்.

அந்த மூணாவது மெஷின் சென்னையில ஓடிச்சு. வைரஸைச் சுமக்குறவங்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்குக் கீழாநெல்லிப் பொடி, 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள். இன்னொரு குழுவுக்கு பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத ஒப்புக்கு மருந்து. முடிச்சு 15-20 நாள் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி காணாம போயிருந்துச்சு. 59 சதவீதம். பிளாசிபோ சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் போயிருந்துச்சு. சிலரை ஒன்பது மாசம் வரை தொடர்ந்து பார்த்தாங்க, யாருக்கும் திரும்பி வரல. பக்கவிளைவுன்னு சொல்ல பெருசா எதுவும் இல்ல.

இந்த 59 எவ்வளவு பெரிய எண்ணுன்னு புரியணும்னா ஒரு ஒப்பீடு சொல்றேன். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவங்கள்ல தானாவே ஹெச்பிஎஸ்ஏஜி போறது வருஷத்துக்கு நூத்துல ஒருத்தர் அளவுல நடக்கும். இன்னிக்கு உலகம் முழுக்கக் கொடுக்குற டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் எண்ணிக்கையைப் பிரமாதமா அடக்கும், ஆனா ஹெச்பிஎஸ்ஏஜியை முழுசா போக வைக்கிறது பல வருஷம் சாப்பிட்டாலும் அபூர்வம். அப்படின்னா ஒரு மாசத்துல 59 சதவீதம்ங்கிறது 1988ல மட்டும் இல்ல, நேத்து வந்திருந்தாலும் உலகச் செய்தி.

காரணம் வைரஸோட தந்திரத்துல இருக்கு. அது ஈரல் செல்லோட கருவுக்குள்ள போய், தன் டிஎன்ஏவை ஒரு மூடின வளையமா மாத்தி உட்கார்ந்துக்கும். நகல் எடுக்குற நொதியைத் தடுத்தா புது வைரஸ் வெளிய வராது. மூலப்பிரதி உள்ளயேதான் இருக்கும். சர்வருக்குள்ள ஒருத்தன் பின்வாசல் வச்சுட்டுப் போயிருந்தா, முன்வாசல் டிராஃபிக்கை மட்டும் பிளாக் பண்ணி என்ன பிரயோஜனம், அந்த மாதிரி. மருந்தை நிறுத்தினா மறுபடி ஆரம்பிச்சிடும். ஆனா சென்னை முடிவுல, மருந்தை நிறுத்தியும் திரும்பி வரலைன்னு இருந்துச்சு. அதனாலதான் அவ்வளவு பரபரப்பு.

ஆய்வாளர்கள் அதை "முதற்கட்ட ஆய்வு"ன்னே சொன்னாங்க, மேற்கொண்டு சோதிக்கணும்னு எழுதினாங்க. ஒரு விஞ்ஞானி பண்ண வேண்டியது அதுதான். பிளாசிபோ வச்சாங்க, அளவு சொன்னாங்க, எந்தச் செடின்னு சொன்னாங்க, எல்லாத்தையும் உலகம் பார்க்குற இடத்துல போட்டாங்க. இப்படி எழுதினா யார் வேணும்னாலும் அதையே திரும்பப் பண்ணிப் பார்க்கலாம்.

பண்ணிப் பார்த்தாங்க. 1990ல அதே லான்செட்ல தாய்லாந்துலேருந்து ஒரு கடிதம். அறிகுறி இல்லாம வைரஸைச் சுமக்குறவங்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தோம், ஹெச்பிஎஸ்ஏஜி போகலைன்னு. அதே காலத்துல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வாத்துல வர்ற ஹெபடைடிஸ் பி-யை வச்சுப் பார்த்தாங்க, அங்கயும் வைரஸ் அசையல. 1994ல நியூசிலாந்துலேருந்து ஒண்ணு, இந்தியாவுக்குள்ளேயே இன்னொண்ணு. பெரிய பலன் எங்கயும் கிடைக்கல. 1995ல சீனாவுல வேற வேற ஊர்ல விளைஞ்ச மூணு ஃபில்லாந்தஸ் வகைகளை ஒப்பிட்டாங்க. ஒரு வகை, நாம சிவப்புக் கீழாநெல்லின்னு சொல்றது, வைரஸோட வேறொரு அடையாளத்தை மத்ததை விடக் கொஞ்சம் அதிகமா மாத்துச்சு. ஆனா ஹெச்பிஎஸ்ஏஜி ஒருத்தருக்குக் கூட போகல.

அப்போ சென்னையில என்ன நடந்துச்சு? பல விளக்கம் உண்டு. எதுக்கும் முத்திரை குத்த முடியாது. சின்ன ஆய்வு, 60 பேர். ரெண்டு குழுவும் சமமா இல்ல, 37, 23ன்னு இருக்கு. இந்த மாதிரி ஆய்வுல கடைசி வரைக்கும் யார் வந்தாங்க, யார் பாதியில நின்னாங்கங்கிறது கணக்கையே புரட்டும். இன்னொண்ணு, சமீபத்துல தொத்தின ஆளுங்க குழுவுல கலந்திருந்தா அவங்க தானாவே குணமாகியிருப்பாங்க. இதெல்லாம் பொதுவான சந்தேகங்கள். இந்த ஆய்வுல இப்படித்தான் நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளக்கம் தாவரவியல் பக்கம் இருக்கு. உங்க கையில இருக்குறது கீழாநெல்லிதானா?

சிரிக்காதீங்க. இலைக்காம்புக்குக் கீழ வரிசையா குட்டிக் காய் தொங்கினா கீழாநெல்லின்னு நாம சொல்லிடுவோம். ஆனா அப்படித் தொங்குற சின்னச் செடி இனங்கள் நம்ம ஊர்ல நாலஞ்சு இருக்கு. இந்தியப் புத்தகங்கள் பூரா நூறு வருஷத்துக்கு மேல இதை ஃபில்லாந்தஸ் நிரூரின்னு எழுதிட்டு வந்துச்சு. 1957ல வெப்ஸ்டர்ங்கிற அமெரிக்கத் தாவரவியலாளர் கரீபியத் தீவுச் செடிகளை ஆராய்ஞ்சு, உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, மத்த இடத்துல அந்தப் பேர்ல சொல்றது பெரும்பாலும் வேற இனங்கள்னு பிரிச்சார். அதுல முக்கியமானது அமாரஸ். 1827ல மேற்கு ஆப்பிரிக்க மாதிரிகளை வச்சுப் பேர் வச்ச இனம். 1985ல இந்தியத் தாவரவியலாளர்கள் நம்ம ஊர் "நிரூரி"யை அலசினப்போ அது அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ்னு மூணு இனத்தோட கலவைன்னு சொன்னாங்க.

இதோட பாதிப்பைப் பார்க்கணும்னா, 1987 வுட்சக் கட்டுரையோட தலைப்புல செடியோட பேர் நிரூரி. 1988 லான்செட் கட்டுரையோட தலைப்புல அமாரஸ். ஒரே ஆய்வுக்குழு, ஒரு வருஷ இடைவெளி. பிளம்பெர்க் இதை லேசா எடுத்துக்கல. அந்த வெப்ஸ்டரையே சேர்த்துக்கிட்டு, ஃபில்லாந்தஸ் பத்தி உலகத்துல எழுதப்பட்ட பயன்பாட்டுப் பதிவுகளையெல்லாம் இனம் வாரியா தொகுத்து 1990கள்ல தொடர் கட்டுரையா போட்டார். நோபல் வாங்கின மனுஷன் காய்ஞ்ச செடித் தாளுக்குப் பின்னாடி உட்கார்ந்து பேர் சரிபார்க்குறார்னு நினைச்சுப் பாருங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

பிரச்சனை இன்னும் தீரல. 2010ல வெளியான ஒரு ஆய்வுல தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகள்லேருந்து கீழாநெல்லிச் சருகை வாங்கி டிஎன்ஏ வரை பார்த்தாங்க. முக்கால்வாசி மாதிரிகள்ல அமாரஸ்தான், நல்ல விஷயம். மீதி கால்வாசியில டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ், சிவப்புக் கீழாநெல்லி, மேலாநெல்லி உட்பட அஞ்சு வேற இனங்கள் இருந்துச்சு. இனம் சரியா இருந்தாலும் எந்த மண், எந்த மாசம் பறிச்சது, எப்படிக் காய வச்சது, இதுக்கேத்த மாதிரி ஃபில்லாந்தின் அளவு மாறும். மாத்திரைன்னா 300 மில்லிகிராம்னா 300 மில்லிகிராம். செடின்னா ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு வெர்ஷன். வெர்ஷன் நம்பர் இல்லாத ஒரு சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணா, ஒருத்தருக்கு ஓடும், இன்னொருத்தருக்கு ஓடாது, யாராலயும் ஏன்னு சொல்ல முடியாது.

இந்தத் தாவரவியல் வாதம் தோல்விகளை ஓரளவு விளக்கும். ஆனா அதையே சாக்கா வச்சு "சரியான செடியா இருந்தா வேலை செஞ்சிருக்கும்"னு இழுத்துட்டே போறதை நான் ஒத்துக்க மாட்டேன். 2011ல காக்ரேன் அமைப்பு ஃபில்லாந்தஸ் பத்தின எல்லா சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துச்சு. தேறினது 16 சோதனை, 1,326 நோயாளிகள். அதுல பிளாசிபோவோட ஒப்பிட்டது ஒண்ணே ஒண்ணு, 42 பேர். அதுல குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்ல. மீதி 15ம் வேற வைரஸ் மருந்தோட சேர்த்துக் கொடுத்தது. அதுல சில நல்ல எண்கள் வந்தாலும், ஆய்வுகளோட தரம் நம்புற மாதிரி இல்லைன்னு எழுதினாங்க. ஃபில்லாந்தஸ் பலன் தரும்னு நம்பவைக்கிற ஆதாரம் இல்ல, நல்ல பெரிய சோதனை வேணும்னு முடிச்சாங்க. 1988லேருந்து 2011 வரை, 23 வருஷம். ஒரு பெரிய, ஒழுங்கான, பிளாசிபோ வச்ச சோதனை நடக்கல. ஏன்? வரப்புல முளைக்கிற செடிக்குக் கோடிக்கணக்குல செலவு பண்ணி சோதனை நடத்த எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்ல. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, "எங்க தாத்தா காலத்துலயே நிரூபிச்சாச்சு"ன்னு நாம சோதனையே தேவையில்லன்னு இருந்தது. ரெண்டாவதைப் பத்தி நாம பேசுறதே இல்ல.

காப்புரிமை பத்திக் கேட்பீங்க. ஆமா, 1987ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேஸ் பேர்ல ஃபில்லாந்தஸ் சாறு வச்சு வைரல் ஹெபடைடிஸ் சிகிச்சைக்குக் காப்புரிமை கொடுத்தாங்க. நம்ம பாட்டி வைத்தியத்துக்கு இன்னொருத்தர் பட்டா போட்டுட்டாங்கன்னு இங்க கோபம் வந்துச்சு, நியாயமான கோபம். மஞ்சள் காப்புரிமையை 1997ல இந்தியா எதிர்த்து ரத்து பண்ண வச்சதும், மரபு அறிவுக்கு டிஜிட்டல் நூலகம் கட்டினதும் அந்தக் காலத்துச் சூழல்லதான். ஒரே ஒரு விஷயம்: பட்டா போட்ட நிலத்துல கடைசியில பெருசா எதுவும் விளையல.

அதே பிளம்பெர்க்கோட இன்னொரு வழி விளைஞ்சுது. ரத்தத்துலேருந்து எடுத்த தடுப்பூசிக்குப் பதிலா, ஈஸ்ட்ல அந்த மேலுறைப் புரதத்தை வளர்க்குற தடுப்பூசி 1986ல வந்துச்சு. ஆனா அந்த விலை இந்தியாவுக்குத் தாங்கல. 1997ல ஹைதராபாத்ல வரப்பிரசாத் ரெட்டியோட சாந்தா பயோடெக்னிக்ஸ் சொந்தமா உருவாக்கி, இறக்குமதி விலையில ஒரு சின்னப் பங்குக்கு வித்துச்சு. சில ஊர்கள்ல முன்னோட்டம் பார்த்து, 2011 வாக்குல நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடுற முதல் ஊசிதான் இதுல முக்கியம், ஏன்னா தாய்கிட்டேருந்து குழந்தைக்கு வர்ற வழியை அடைக்கிறது அது. பிளம்பெர்க் 2011ல இறந்தார். அவர் பிறந்த ஜூலை 28ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமா வச்சிருக்காங்க.

கடைசியா, மெயில்ல ரெண்டு மூணு பேர் நேரடியாவே கேட்டிருந்தீங்க: ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், கீழாநெல்லி சாப்பிடலாமா? நான் டாக்டர் இல்ல, இன்ஜினியர். வரலாறு என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்றேன். கீழாநெல்லி சாப்பிட்டு உடனே பெரிய கெடுதல் வந்ததா 1988 ஆய்வுல இல்ல. பயம் வேற இடத்துல. இந்த நோய்க்கு அறிகுறி இல்ல, அதனால "நல்லாத்தானே இருக்கேன், செடி வேலை செய்யுது"ன்னு தோணும். கண்ணு வெள்ளையா இருக்கும், உள்ள ஈரல் சுருங்கிட்டிருக்கும். வைரல் லோடு, ஈரல் ஸ்கேன் மாதிரி பரிசோதனைகள்தான் அதைக் காட்டும். 2018ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல அரசு மருத்துவமனைகள்ல பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவா இருந்தா ஊசி போடுங்க.

இயற்கைன்னா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற நினைப்பும் வேண்டாம். கோவிட் சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் பாதிச்ச 43 பேரைப் பத்தி இந்தியாவுல பல மருத்துவமனைகள் சேர்ந்து 2022ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் பாதுகாப்பானதுதான்னு மறுத்துச்சு. வேற இனக் கொடி கலந்திருக்கலாம்ங்கிற வாதமும் வந்துச்சு. மறுபடியும் அதே தாவரவியல் கேள்வி பாருங்க.

அடுத்த எபிசோட் சர்ப்பகந்தி பத்தி. ரத்த அழுத்தத்துக்கு நம்ம நாட்டு வேர் ஒண்ணு 1950கள்ல உலக மருந்துக் கடைகளுக்குப் போய், அப்புறம் அங்கேருந்து மெதுவா வெளியேறின கதை. கீழாநெல்லிக்குக் கிடைக்காத பெரிய சோதனைகள் எல்லாம் அதுக்குக் கிடைச்சுது. கேள்வி இருந்தா மெயில் பண்ணுங்க.